முழுமாசக் குழந்தை, 2 கிலோ 100 கிராம். காரணம் என்னவா இருக்கும்?

காவிரிக்கரை_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் எனக்குப் பெண் குழந்தை பிறந்தா. தலைச்சன். 38 வாரம் முடிஞ்சுதான் பிறந்தா, ஆனா எடை 2 கிலோ 100. நல்லா அழுதா, சப்பிக் குடிக்கிறா, கண்ணாடிப் பெட்டியில எல்லாம் வைக்கல. பிரச்சினை வீட்டுலதான். பார்க்க வந்த அத்தை (மாமியார்), "வயித்தைக் காயப்போட்டா பிள்ளை எப்படி ஊறும்?"னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாங்க. எங்கம்மா, கிரகணத்தன்னிக்கு நான் வாசல்ல நின்னதைச் சொல்றாங்க. நாத்தனாரைக் கேட்டா சொந்தத்துல கட்டினதுதான் காரணமாம். இவர் எனக்கு மாமா பையன். டிஸ்சார்ஜ் சம்மரியில "டெர்ம், ஐயுஜிஆர்"னு போட்டிருக்கு, யாரும் உட்கார்ந்து விளக்கல.

என் விவரம்: வயசு 21, உயரம் 147 செ.மீ., கார்டு போட்டப்ப எடை 40 கிலோ, கடைசியா 46. ஏழாம் மாசம் ஹீமோகுளோபின் 8.9. ஒன்பதாம் மாசம் பிரஷர் 140/90-ஐத் தாண்டி மாத்திரை குடுத்தாங்க. உண்மையில எதனால இப்படி?

பழைய_நர்சம்மா:
கண்ணு, முதல்ல பிள்ளைக்கும் உனக்கும் வாழ்த்து. நான் கிராம சுகாதாரச் செவிலியரா இருந்து ஓய்வு பெற்றவ. நீ கேட்ட கேள்விக்குப் பதில் நீயே எழுதியிருக்கிற கடைசி நாலு வரியில இருக்கு, கிரகணத்துல இல்ல.

எடை குறைஞ்ச பிள்ளைன்னு சொன்னாலே ரெண்டு ரகம். ஒண்ணு, 37 வாரம் ஆகறதுக்கு முன்னாடியே வந்துடற குறைமாசப் பிள்ளை. வளர்த்தி சரியாத்தான் இருக்கும், நாள்தான் பத்தியிருக்காது. இன்னொண்ணு, நாள் நிறைஞ்சும் வயித்துக்குள்ள வளர்த்தி குறைஞ்ச பிள்ளை. உன் பொண்ணு ரெண்டாவது ரகம், ஐயுஜிஆர்னு போட்டது அதைத்தான். ரெண்டுக்கும் காரணம் வேற, கவனிப்பும் வேற. ரெண்டும் சேர்ந்து வர்ற பிள்ளையும் உண்டு, அதுதான் ரொம்ப சிரமப்படும்.

ஒண்ணு கேட்கணும். மாசா மாசம் போனப்ப வயித்துல இஞ்ச் டேப் வெச்சு அளந்தாங்களா? அடிவயித்து எலும்புல இருந்து கர்ப்பப்பை மேட்டோட உச்சி வரைக்கும். 24 வாரத்துக்கு மேல, எத்தனை வாரமோ கிட்டத்தட்ட அத்தனை சென்டிமீட்டர் இருக்கணும். 3 செ.மீ. குறைஞ்சா ஸ்கேனுக்கு அனுப்பிடுவோம். 10 ரூபா டேப்தான், ஆனா கூட்ட நேரத்துல முதல்ல விட்டுப்போறது அதுதான்.

காவிரிக்கரை_பொண்ணு:
டேப்பா? எனக்கு ஞாபகம் இல்லம்மா. எடையும் பிரஷரும் பார்ப்பாங்க, கையை வெச்சு அமுக்கிப் பார்ப்பாங்க. 34 வாரத்துல ஒரு ஸ்கேன்ல "பனிநீர் (பிள்ளையைச் சுத்தி இருக்கிற தண்ணி) கொஞ்சம் கம்மி, நிறைய தண்ணி குடி"ன்னு சொன்னாங்க. அவ்வளவுதான்.

சந்தேகப்பிராணி:
எனக்கு இந்த 2.5 கிலோ கணக்கு மேலேயே நம்பிக்கை கிடையாது. வெள்ளைக்காரப் பிள்ளைக்குப் போட்ட கோட்டை நம்ம பிள்ளைக்கும் போட்டா பாதி நாடு நோயாளிதான். என் தங்கச்சி 2.2-ல பிறந்தவ, காலேஜ்ல கபடி ஆடினா. 147 செ.மீ. இருக்கிற அம்மாவுக்கு நாலு கிலோவுலயா பிறக்கும்? சின்ன செடியில சின்ன காய். இதுக்குப் போய் ஒரு நோய்ப் பேர் வேற.

அட்டவணை_அன்பன்:
@சந்தேகப்பிராணி, பாதி நியாயம். அந்தக் கோடு வந்தது பின்லாந்துல இருந்து. ஆர்வோ யுல்ப்போங்கிற குழந்தை மருத்துவர் 100 வருஷத்துக்கு முன்னாடி, குறைமாசப் பிள்ளையை அடையாளம் காண 2500 கிராம்னு ஒரு எல்லை போட்டார். பிற்பாடு உலக சுகாதார நிறுவனமும் அதையே எடுத்துக்கிச்சு. முதல்ல 'குறைமாசம்'ங்கிற பேர்ல, அப்புறம்தான் 'எடைக்குறைவு'ன்னு மாத்தினாங்க. முழுமாசத்துலயும் சின்னதா பிறக்கிறது உண்டுன்னு அதுக்குள்ள புரிஞ்சிருந்துச்சு.

"நம்ம பிள்ளைங்க இயல்பாவே சின்னது, அதனால பரவாயில்ல"ங்கிறதுலதான் நான் வேறுபடறேன். புனேல யாஜ்னிக்ங்கிற டாக்டரோட குழு பக்கத்துக் கிராமப் பிள்ளைங்களை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பிள்ளைங்களோட ஒப்பிட்டாங்க. அங்கே சராசரி 3.5 கிலோ, இங்கே 2.7. தசை, வயிற்று உறுப்பு எல்லாம் இங்கே கணிசமா குறைவு. ஆனா தோலுக்கடியில இருக்கிற கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையல. ஆக, இங்கிலாந்துப் பிள்ளையோட சின்ன அச்சு இல்ல நம்ம பிள்ளை. உடம்போட சேர்மானமே வேற. பிற்காலத்துல சர்க்கரை நோய் இங்கே இவ்வளவு இருக்கிறதுக்கு இதையும் ஒரு காரணமா சொல்றாங்க.

உங்க தங்கச்சி கபடி ஆடினதுல சந்தோஷம். ஆனா ஒருத்தரை வெச்சுக் கணக்குப் போட முடியாது. 2.5-க்குக் கீழே போகப்போக முதல் மாச இறப்பு விகிதம் ஏறிக்கிட்டே போகும், 1.5-க்குக் கீழே செங்குத்தா ஏறும். 2.49-க்கும் 2.51-க்கும் நடுவுல சுவர் ஒண்ணும் இல்லதான்.

சுவர்னதும் ஞாபகம் வருது. தேசிய குடும்பநல ஆய்வுல பிறப்பு எடைகளை வரைபடமா போட்டா சரியா 2.5-லயும் 3.0-லயும் கோபுரம் மாதிரி எழும்பும். இயற்கை அப்படிப் பண்ணாது. முள் 2.4-க்கும் 2.5-க்கும் இடையில நின்னா கை 2.5-னு எழுதிடுது. 2019-21 ஆய்வுப்படி எடை தெரிஞ்ச பிள்ளைங்கள்ல சுமார் 18 சதவீதம் 2.5-க்குக் கீழே. நிஜம் அதைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

பழைய_நர்சம்மா:
தம்பி சொல்றது சரி. தொட்டில் மாதிரி தொங்கவிடற ஸ்பிரிங் தராசு காலத்துல பிள்ளை உதைச்சா முள் ஆடும். 2.5-னு எழுதிட்டா ரிப்போர்ட்டும் லேசாப் போயிடும். டிஜிட்டல் வந்த பிறகு பரவாயில்ல.

வார்டு_நைட்டூட்டி:
குழந்தைகள் நலப் பிரிவில் மேற்படிப்பு படிக்கிறேன். நேரில் பார்க்காமல் இதுதான் காரணம் என்று முடிவு சொல்ல முடியாது, பொதுவாகச் சொல்கிறேன்.

பிள்ளைக்குச் சாப்பாடு போவது அம்மாவின் தட்டிலிருந்து நேராக அல்ல. அம்மாவின் ரத்தம், கர்ப்பப்பைக்கு வரும் ரத்தக்குழாய், நஞ்சு (பிளசென்டா), தொப்புள்கொடி என்று பல கை மாறிப் போகிறது. பிரஷர் வரும் கர்ப்பங்களில் பெரும்பாலும் நஞ்சு ஒட்டும் இடத்தில் ரத்தக்குழாய்கள் போதுமான அளவு அகலப்பட்டிருக்காது. அந்தக் கோளாறு முதல் 20 வாரத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். பிரஷர் மிஷினில் தெரிவதுதான் ஒன்பதாம் மாசம். பனிநீர் குறைவும் அதே கதைதான். பிள்ளைக்கு ரத்தம் குறைந்தால் சிறுநீர் குறையும், சிறுநீர் குறைந்தால் பனிநீர் குறையும். "தண்ணி குடி" என்று மட்டும் சொல்லி அனுப்பாமல் டாப்ளர் ஸ்கேன் பார்த்திருந்தால் கொடி ரத்த ஓட்டம் தெரிந்திருக்கும். ஆக, பிரஷர் ஏறிய அம்மா மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிட்டாலும் பிள்ளை மெலிந்து பிறக்கலாம். இதை உங்கள் மாமியாரிடம் தாராளமாகச் சொல்லலாம்.

சம்மரியில் தலைச் சுற்றளவு எவ்வளவு என்று பாருங்கள்.

காவிரிக்கரை_பொண்ணு:
33 செ.மீ.னு இருக்கு சார்.

வார்டு_நைட்டூட்டி:
நல்லது. தலை வளர்ச்சி சரியாக இருக்கிறது, உடம்புதான் மெலிவு. ரத்தம் பற்றாக்குறையாக வரும்போது பிள்ளை மூளைக்கு முதல் பங்கு கொடுத்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்கும். கடைசி மூன்று மாதத்தில் நஞ்சு சரியாக வேலை செய்யாவிட்டால் இப்படித்தான் தெரியும். தொடக்கத்திலிருந்தே ஏதாவது கிருமித் தொற்றோ மரபணுக் கோளாறோ இருந்தால் பெரும்பாலும் தலையும் சேர்ந்தே சிறுத்திருக்கும்.

சொந்தத்தில் திருமணம்: பரம்பரை நோய்களுக்கு அது நிச்சயம் ஒரு காரணி. பிறப்பு எடையில் சில ஆய்வுகள் சின்ன வித்தியாசம் காட்டுகின்றன, சிலவற்றில் அதுவும் இல்லை. 400 கிராம் குறைவை அதன் தலையில் கட்ட முடியாது. கிரகணம் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

பட்டியலில் இன்னும் உண்டு: இரட்டைக் குழந்தை, முன் பிரசவத்துக்கும் இதற்கும் இடைவெளி குறைவு, 18 வயதுக்குள் கர்ப்பம், புகையிலை, மலேரியா, அறிகுறியே இல்லாத சிறுநீர்த் தொற்று. கடைசியாகச் சொன்னது குறைமாசப் பிரசவத்தையும் கொண்டுவரும். சர்க்கரை இருந்தால் பெரிய பிள்ளைதான் பிறக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். சர்க்கரையோடு பிரஷரும் பழைய ரத்தக்குழாய் பாதிப்பும் சேர்ந்தால் சின்னப் பிள்ளையும் பிறக்கும். 2019-21 ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 10-க்கு 4 பெண்கள் அதிக எடை. எங்கள் வார்டில் எடை குறைந்த பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாரும் ஒல்லி இல்லை.

மூணு_பிள்ளைக்காரி:
சாப்பாடு காரணமே இல்லன்னு மட்டும் விட்டுடாதீங்க டாக்டர் தம்பி. எங்க பக்கம் எட்டாம் மாசத்துல இருந்து ராத்திரி சோத்தைக் குறைச்சுடுவாங்க. "பிள்ளை பெருத்துட்டா ஆபரேஷன்தான், சின்னதா பெத்துப் பெருசா வளர்க்கலாம்"னு சொல்லித்தான் என்னையும் குறைக்கச் சொன்னாங்க. மூணு பிரசவத்துலயும் கேட்டுட்டேன் இதை. அதே ஆளுங்கதான் பிறந்ததும் தூக்கிப் பார்த்துட்டு "எலிக்குஞ்சு மாதிரி இருக்கே"ம்பாங்க.

அப்புறம் கர்ப்பிணிகளுக்கு அரசு தர்ற ஊட்டச்சத்துப் பெட்டகத்துல வர்ற பேரீச்சையும் நெய்யும் யார் வாய்க்குப் போகுதுன்னு யாராவது ஆராய்ச்சி பண்ணுங்கப்பா. எங்க வீட்டுல நெய் மாமனார் இட்லிக்கு. சத்துமாவு மூத்தவனுக்கு உருண்டை. எனக்கு வந்தது கூடையும் டம்ளரும்.

பழைய_நர்சம்மா:
😄 டம்ளராவது வந்துச்சே. நான் பெட்டகம் குடுக்கிறப்ப பாட்டிலைத் திறந்து அங்கேயே ஒரு ஸ்பூன் குடிக்க வெச்சுத்தான் அனுப்புவேன்.

@காவிரிக்கரை_பொண்ணு, இன்னொண்ணும் கேட்கறேன். பச்சரிசி மென்னியா? திருநீறு, சாம்பல், சிலேட்டுக் குச்சி?

காவிரிக்கரை_பொண்ணு:
பச்சரிசி! அரிசி டப்பாவைத் திறந்தாலே ஒரு கைப்பிடி போயிடும். மசக்கைன்னு எல்லாரும் சிரிச்சாங்க. எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?

பழைய_நர்சம்மா:
ரத்தம் கம்மியா இருக்கிறவங்க நிறைய பேருக்கு அந்த ஆசை வரும் கண்ணு. 11-க்குக் கீழே இருந்தாலே கர்ப்பிணிக்கு ரத்தசோகை. உனக்கு 8.9. நாடு முழுக்க எடுத்தாலே பாதிக் கர்ப்பிணிகளுக்கு மேல ரத்தசோகைதான். மாத்திரை எப்படிச் சாப்பிட்ட?

காவிரிக்கரை_பொண்ணு:
இரும்பு மாத்திரையும் கால்சியமும் ஒண்ணாத்தான். காலையில பால்ல. சேர்த்துப் போட்டா மறக்காதுன்னு குடுத்த இடத்துலயே சொன்னாங்க.

பழைய_நர்சம்மா:
இதுதான் எனக்கு ஆத்திரம். பாலும் கால்சியமும் இரும்பை உடம்புல சரியா ஏறவிடாது. டீ, காபியும் அப்படித்தான். ரெண்டு மாத்திரைக்கும் நடுவுல ரெண்டு மணி நேரமாவது விடணும். இரும்பை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ சேர்த்துப் போட்டா குமட்டலும் குறையும். 180 நாள் மாத்திரையை ஒழுங்கா முழுங்கியும் ரத்தம் ஏறலன்னு வர்றவங்கள்ல முக்கால்வாசி இந்தக் கேஸ்தான். உன் மேல தப்பு இல்ல. பிரசவத்துக்கு அப்புறமும் 180 நாள் போடணும், இப்பவாவது பிரிச்சுப் போடு.

ஊதுகுழல்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் மனைவி ஐந்து மாதம். வீட்டில் கேஸ் இருந்தாலும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகு அடுப்புதான். புகைக்கும் குழந்தை எடைக்கும் சம்பந்தம் உண்டா?

அட்டவணை_அன்பன்:
உண்டு, ஆனா நேர்கோடா இல்ல. தமிழ்நாட்டிலேயே ராமச்சந்திரா மருத்துவப் பல்கலைக்கழகக் குழு 1285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்தாங்க. ஒரு கன மீட்டர் காத்துல நுண்துகள் அளவு 10 மைக்ரோகிராம் கூடினா பிறப்பு எடை 4 கிராம் குறையுதுன்னு வந்துச்சு. 4 கிராம் சின்னதாத் தெரியும். ஆனா மூடின சமையலறையில விறகு எரியறப்ப அளவு பத்துல நிக்காது, நூத்துக்கணக்குல போகும்.

அடுத்து ஒரு பெரிய சோதனை: ஹேப்பின். விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கத்துக் கர்ப்பிணிகளும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா பெண்களும், மொத்தம் 3200 பேர். பாதிப் பேருக்கு இலவச கேஸ் அடுப்பும் சிலிண்டரும். புகை நல்லாவே குறைஞ்சுது. பிறப்பு எடை? 20 கிராம்தான் வித்தியாசம். அதுவும் தற்செயலா இருக்கலாம்ங்கிற அளவுல. 2022-ல வெளியானது.

கேஸ் வீண்னு இதுக்கு அர்த்தம் இல்ல. சோதனையில அவங்க சேர்ந்ததே 9-லிருந்து 20 வாரத்துக்குள்ள, அடுப்பு கிடைச்சது அதுக்கு அப்புறம்தான். டாக்டர் சொன்ன நஞ்சு உருவாகிற காலம் அதுக்குள்ள பெரும்பாலும் ஓடிடுச்சு. அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

மும்பை குடிசைப் பகுதியில நடந்த இன்னொரு சோதனையும் இதே பக்கம்தான் கை காட்டுது. கீரை, பழம், பால் சேர்த்துச் செஞ்ச தின்பண்டத்தை தினமும் குடுத்தாங்க. எல்லாரையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தா எடையில பெரிய மாற்றம் இல்ல. கர்ப்பம் ஆகறதுக்கு மூணு மாசம் முன்னாடியே சாப்பிட ஆரம்பிச்சவங்களை மட்டும் எடுத்தா சராசரியா 48 கிராம் கூடுதல். கார்டு போட்ட நாள்ல 40 கிலோ இருக்கிற பொண்ணைப் பார்த்து "நீ ஏன் சாப்பிடல"ன்னு ஒன்பதாம் மாசம் கேட்கிறது லேட். 15 வயசுல தட்டுல என்ன விழுந்துச்சுன்னு கேட்கணும்.

சந்தேகப்பிராணி:
அப்ப மாமியாரைத் திட்டறதை நிறுத்திட்டு அம்மா வீட்டைத் திட்டலாம்ங்கறீங்க.

அட்டவணை_அன்பன்:
யாரையும் திட்டல ஐயா. நாத்து நடுறதும் தண்ணி சுமக்கிறதும் யார் திட்டுல அடங்கும்? புனே ஆய்வுல அம்மாவோட உடல் உழைப்பு கூடக்கூட பிள்ளையோட அளவு குறைஞ்சுது.

மலையகத்து_மலர்:
நுவரெலியா பக்கம் தோட்டத்துல இருந்து எழுதுறேன். இங்க "நிறை குறைஞ்ச பிள்ளை"ன்னு சொல்லுவோம். இலங்கை முழுக்க எடுத்தா எங்க தோட்டப் பகுதியிலதான் அது கூட. கிளினிக்குல திரிபோஷா பாக்கெட் தருவாங்க, சோளமும் சோயாவும் அரைச்ச மா. 1973-ல இருந்து இருக்கிற திட்டம். அந்த அக்கா சொன்ன நெய் கதைதான் இங்கயும். லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) ஒரு அறைக்குள்ள ஆறு பேர், மாவைக் குழைச்சா பிள்ளைகள் வந்து உக்காந்திரும், அம்மா பார்த்துக்கிட்டுத் தனியா சாப்பிடுவாளா? மாசமா இருக்கும்போது கூடையைத் தூக்கிக்கிட்டு மலை ஏறி இறங்கணும். வெத்திலையோட புகையிலையும் போடுவாங்க, பசி தெரியாதுன்னு. புகையிலைன்னா சிகரெட்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க.

மலை உசரத்துக்கும் பிள்ளை நிறைக்கும் தொடர்பு இருக்குன்னு மிட்வைஃப் மிஸ் சொன்னாங்க, நெசமா?

வார்டு_நைட்டூட்டி:
உண்மைதான். கடல்மட்டத்திலிருந்து 1000 மீட்டர் ஏறினால் சராசரியாக 100 கிராம் வரை குறையும் என்று மலைநாடுகளின் ஆய்வுகள் சொல்கின்றன. ஆக்சிஜன் குறைவுதான் காரணம். ஆனால் நீங்கள் சொன்ன கூடையும் புகையிலையும்தான் முதலில் கவனிக்க வேண்டியவை. மென்றாலும் நிக்கோடின் நஞ்சைத் தாண்டிப் போகும்.

இழைக்_காவலர்:
"15 நாளில் குழந்தை எடை கூட்டும் பவுடர்" விளம்பரம் இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. மூன்றாவது முறை வந்தால் கணக்கு முடக்கப்படும்.

காவிரிக்கரை_பொண்ணு:
சரி, காரணம் ஓரளவு புரிஞ்சுது. இப்ப என்ன பண்ணணும்? பிறந்த மூணாம் நாள் எடை 1.98-க்கு இறங்கினதும் அம்மா பயந்து பவுடர் பால் வாங்கிட்டாங்க. இன்னும் பிரிக்கல.

வார்டு_நைட்டூட்டி:
பிரிக்காதீர்கள். முதல் சில நாளில் எடை இறங்குவது எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பிறந்த எடையை எட்டிப் பிடித்தால் போதும். இப்போது எவ்வளவு?

காவிரிக்கரை_பொண்ணு:
நேத்து 2.45.

வார்டு_நைட்டூட்டி:
அருமை. தாய்ப்பால் போதும் என்று அந்த எண்ணே சொல்கிறது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பிக் கொடுங்கள். சின்னப் பிள்ளை பசித்தாலும் தூங்கும்.

மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பை வார்டில் சொல்லிக் கொடுத்தார்களா? பிள்ளைக்கு டயப்பரும் குல்லாவும் மட்டும், உங்கள் மார்புக்கு நடுவே நிமிர்த்தி, தோலோடு தோல், மேலே புடவையால் கட்டிக்கொள்ள வேண்டும். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் பெட்டி போதாத ஆஸ்பத்திரியில் தொடங்கியது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த சோதனை 2021-ல் வந்தது: 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்குப் பிறந்த உடனேயே தொடங்கினால் முதல் மாச இறப்பு 25 சதவீதம் குறைகிறது. உங்கள் பிள்ளை அந்த வரம்பில் இல்லை, இருந்தாலும் சூடு காக்க நல்லது. அப்பாவும் செய்யலாம். கூகுள் பார்க்கும் நேரத்தில் செய்யட்டும்.

பழைய_நர்சம்மா:
யாராவது சேனை வைக்கிறேன்னு சர்க்கரைத் தண்ணியைத் தூக்கிட்டு வந்தா வாசல்லயே நிறுத்து. குளிப்பாட்டி, காலை நீவறதெல்லாம் 2.5 தாண்டட்டும். மூக்கை ஊதறது எப்பவுமே வேண்டாம்.

அடுத்த பிள்ளை பத்தியும் சொல்லிடறேன். ரெண்டு வருஷமாவது கழிச்சு உண்டாகு, அதுக்குள்ள உன் எடையும் ரத்தமும் ஏறட்டும். நாள் தள்ளினதும் முதல் வாரமே போய், "முதல் பிரசவத்துல பிரஷர் வந்துச்சு, பிள்ளை 2.1"னு சொல்லணும். அப்படிப்பட்டவங்களுக்கு 12 வாரத்துல இருந்து குறைஞ்ச அளவு ஆஸ்பிரின் தேவையான்னு டாக்டர் பார்ப்பாங்க. 16 வாரம் தாண்டிப் போனா பலன் குறைவு. நீயா வாங்கிப் போடாதே.

அட்டவணை_அன்பன்:
கூடவே ஒண்ணு. சின்னதா பிறந்துட்டான்னு ரெண்டு வயசுக்கு மேல கொழுகொழுன்னு ஆக்கப் பார்க்காதீங்க. சின்னதா பிறந்து அப்புறம் வேகமா எடை ஏறினவங்களுக்குத்தான் சர்க்கரை, இதயநோய் வாய்ப்பு அதிகம்னு புனே பிள்ளைங்களைத் தொடர்ந்து பார்த்தவங்களும் சொல்றாங்க, இங்கிலாந்துல பார்க்கர்ங்கிற ஆய்வாளரோட குழுவும் சொன்னாங்க. உயரம் ஏறட்டும், தொப்பை வேண்டாம்.

காவிரிக்கரை_பொண்ணு:
எல்லாருக்கும் நன்றி. இந்த இழையை இவர் அத்தைக்குப் படிச்சுக் காட்டினார். நஞ்சு, பிரஷர் எல்லாம் கேட்டுட்டு, "எனக்கும் மூத்தவன் வயித்துல இருந்தப்ப கால் வீங்கித்தான் கிடந்துச்சு"ன்னாங்க. "அப்ப இவர் பிறந்தப்ப எத்தனை கிலோ அத்தை?"ன்னு கேட்டேன். வீட்டுப் பிரசவமாம், எடையே போடலையாம். ஆனா "நல்ல எடை"ன்னு அடிச்சுச் சொல்றாங்க.

அட்டவணை_அன்பன்:
அந்தக் காலத்துப் புள்ளிவிவரம் பூரா அப்படித்தான் தங்கச்சி. 18 சதவீதத்துலகூட எடை போட்ட பிள்ளைங்க மட்டும்தான் சேர்த்தி.